பஸ் டிக்கட் எண்ணைப் பிரித்து மேய்வது எப்படி

கொழும்பு காலி வீதி நெரிசலில் 100ஆம் இலக்க பஸ் வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் நடுவே நின்றுவிட்டால் எனக்குப் பொழுதுபோக்கு டிக்கட்டில் உள்ள எண்தான், அதாவது கொண்டக்டர் டிக்கட் தந்தால். நேற்றுக் கிடைத்தது 759528. அதையே வைத்துச் சொல்கிறேன், பேனை ஒன்று போதும், போனை எடுக்க வேண்டாம்.

முதல் வேலை காரணிகளாக உடைப்பது. கடைசி மூன்று இலக்கம் 528, அது 8ஆல் வகுபடும், ஆயிரமும் 8ஆல் வகுபடும் என்பதால் முன்னால் என்ன நின்றாலும் கவலையில்லை. 16க்குக் கடைசி நாலு இலக்கம் பார்க்க வேண்டும், 9528 சரிவராது. இலக்கங்களைக் கூட்டினால் 36, ஆகவே 9ஆலும் வகுபடும். 72ஆல் வகுத்தால் மிச்சம் 10549. இதன் கூட்டுத்தொகை 19, இனி 3 கிடையாது.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த இடம். 7 × 11 × 13 = 1001. ஆயிரம் என்பது 1001க்கு ஒன்று குறைவு, அதனால் டிக்கட் எண்ணை மும்மூன்றாக வெட்டி ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் போதும்: 759 − 528 = 231. 231 என்பது 3 × 7 × 11. ஆக 7 உண்டு, 11 உண்டு, 13 இல்லை, ஒரே கழித்தலில் மூன்றுக்கும் பதில்! நாங்கள் கொழும்பில் 759,528 என்று மூன்று மூன்றாகக் காற்புள்ளி போடுவது இங்கே வசதி, இந்தியாவில் போல 7,59,528 என்று எழுதினால் வெட்டும் இடம் கண்ணில் படாது. சரி, 10549ஐ 77ஆல் வகுத்தால் 137.

இந்த இடத்தில்தான் நான் முன்பெல்லாம் மாட்டிக்கொள்வேன். 759528இன் வர்க்கமூலம் 871க்குச் சற்று மேல், அதுவரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கத் தொடங்கி இறங்கவேண்டிய இடத்தையே தவறவிட்டிருக்கிறேன். தேவையே இல்லை. மிஞ்சியது 137, அது உடைவதானால் ஒரு காரணியாவது அதன் வர்க்கமூலத்துக்குள் இருக்க வேண்டும், 12இன் வர்க்கம் 144, எனவே 11 வரை பார்த்தால் முடிந்தது. எதுவும் போகவில்லை, 137 முதன்மை எண்.

759528 = 2 × 2 × 2 × 3 × 3 × 7 × 11 × 137. இனி மற்றதெல்லாம் தானாக வரும். ஒரு காரணிக்குள் 2 மூன்று தடவையோ இரண்டோ ஒன்றோ வரலாம், வராமலும் போகலாம், அது நாலு வழி. 3க்கு மூன்று வழி, மற்றவற்றுக்கு இரண்டிரண்டு. 4 × 3 × 2 × 2 × 2 = 96 காரணிகள். பெரிசுதான், ஆனால் 1915இல் இராமானுஜன் ஆராய்ந்த ரகத்தை, அதாவது தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும் விட அதிகக் காரணிகள் கொண்ட ரகத்தைச் சேர்ந்த 720720க்கு 240 உண்டு, பத்து லட்சத்துக்குள் அதை மிஞ்ச எண்ணே கிடையாது. வர்க்க எண்ணா? இல்லை, 2, 7, 11, 137 ஒற்றைப்படைத் தடவை வருகின்றன, 21098ஆல் பெருக்கினால் ஆகிவிடும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. ஆறு இலக்க எண் முழுசாகவே முதன்மை எண்ணாக அமைந்தால் குறுக்குவழி உதவாது, இந்த அளவு எண்ணுக்கு 871 வரையுள்ள 150 முதன்மை எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அப்படி ஒன்று வாய்த்தால் மடித்துப் பையில் வையுங்கள், புறக்கோட்டை வந்தாலும் முடியாது.