படர்தாமரைக்கு ட்யூப் வாங்கினால் முதலில் பின்பக்கத்தைப் படியுங்கள்

மும்பை மழைக்காலத்தில் தாராவி வீடுகளில் துணி எங்கே காய்கிறது? ஈரம் போகாத உள்ளாடையோடு லோக்கல் ரயிலில் நசுங்கிப் போய்வந்தால் தொடை இடுக்கில் படர்தாமரை வரத்தான் செய்யும். போன ஜூலையில் எனக்கும் வந்தது. மெடிக்கலில் "அரிப்புக்கு ஒரு ட்யூப்" என்று கேட்டு வாங்கிப் பூசினேன், மூன்றே நாளில் அரிப்பு நின்று சிவப்பும் மங்கியது, விட்ட ஒரே வாரத்தில் வட்டத்துக்குள் வட்டமாக இடுப்பு வரை ஏறிவிட்டது.

காரணம் ட்யூபின் பின்பக்கத்து மருந்துப் பெயர்களிலேயே இருந்தது. படர்தாமரை பூஞ்சையால் வருவது. க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல், லுலிகோனசோல், டெர்பினாஃபின் எல்லாம் பூஞ்சையைக் கொல்பவை. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பூஞ்சையோடு உடம்பு போராடுவதால்தான் சிவப்பும் அரிப்பும் வருகின்றன. ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை அடக்கிவிடும், பூஞ்சை நிம்மதியாகப் படரும். க்ளோபெட்டசால் இவற்றில் மிகக் கடுமையானது, தொடை இடுக்கு மாதிரி மெல்லிய தோலில் அதைப் போட்டுக்கொண்டே இருந்தால் விழும் வரித்தழும்பு முழுசாக மறையாது.

சரி, பூஞ்சை மருந்தும் ஸ்டீராய்டும் சேர்ந்த கலவை க்ரீமை டாக்டரே எழுதிக் கொடுத்தால்? எத்தனை நாள் என்று கட்டாயம் கேளுங்கள். க்ளோட்ரிமசோல்-பீட்டாமெத்தசோன் கலவை என்றால் தொடை இடுக்கில் 2 வாரம், பாதத்தில் 4 வாரம், அதற்கு மேல் கூடாது. முகத்துக்கு வேண்டாம், குழந்தையின் டயப்பர் புண்ணுக்கு வேண்டவே வேண்டாம்.

பூசும் முன் கழுவி, ஈரம் சுத்தமாகப் போகத் துடையுங்கள். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடு பிதுக்கினால் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். வட்டத்தின் ஓரத்தைத் தாண்டி இரண்டு செ.மீ. வரை, வெளியிலிருந்து உள்பக்கமாக மெல்லிசாகத் தடவுங்கள், அப்புறம் கையைக் கழுவுங்கள். துண்டு ஆளுக்கு ஒன்று. வெயில் இல்லாத நாளில் உள்ளாடையை இஸ்திரி போட்டே உடுத்துங்கள். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவரும் சேர்ந்து வைத்தியம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மாதக்கணக்கில் ஏற்கெனவே பூசிவிட்டீர்களா? வேறு ட்யூப் தேடி அலையாமல் தோல் டாக்டரிடம் போங்கள், சயான் ஆஸ்பத்திரியிலும் தோல் ஓ.பி. இருக்கிறது. செதிளைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், வலிக்காது. காலி ட்யூபைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துப் போங்கள்.