'நான்' என்று எழுதியவர் யார்? பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் நூல்களைப் படிக்கும்போது நேரும் தவறுகள்

பிரிட்டிஷ் கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக்கின் முதல் கடற்பயணத்தைச் சொல்லும் நூல் 1773இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக வந்தது. குக்கின் பயணப் பகுதி 'நான் கண்டேன், நான் இறங்கினேன்' என்றே போகும். அது குக்கின் சொந்தக் குரல் என்று நம்பி நான் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்திருக்கிறேன். எழுதியவரோ ஜான் ஹாக்ஸ்வொர்த் என்ற லண்டன் எழுத்தாளர், அந்தக் கப்பலில் போகாதவர். குக்கின் நாட்குறிப்போடு, உடன் பயணம் செய்த இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸின் குறிப்புகளையும் தன் எண்ணங்களையும் கலந்து ஒரே 'நான்' ஆக்கிவிட்டார். இந்த வேலைக்கு அவருக்குக் கிடைத்தது 6,000 பவுண்டு. முன்னுரையில் இந்த முறையை அவரே விளக்கியிருக்கிறார். முன்னுரையைத் தாண்டி நேராகப் பயணத்துக்குப் போவதுதான் நாம் செய்யும் முதல் தவறு.

1775இல் நன்னம்பிக்கை முனையில் அந்த நூலைப் பார்த்த குக் மனம் நொந்துபோனார். அவருடைய சொந்த நாட்குறிப்பு அச்சில் வந்தது 1893இல்தான். ஆகவே 1773 நூலிலிருந்து ஒரு வரி எடுத்து 'குக் சொல்கிறார்' என்று எழுதுமுன் நாட்குறிப்போடு வைத்துப் பாருங்கள்.

அதே நூலைப் பயண நூல் என்று மட்டும் வகைப்படுத்துவதும் சரியல்ல. 1770இல் கப்பல் பவளப்பாறையில் மோதித் தப்பியதைக் கடவுளின் தனிச்செயல் என்று சொல்ல ஹாக்ஸ்வொர்த் மறுத்தார். அதனால் சமயப் பற்றாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தக் காலத்தில் பயணமும் சமயமும் அரசியலும் ஒரே மேசையில்தான் கிடந்தன.

நம் ஊரோடு தொடர்புள்ள ஒன்றும் உண்டு. தரங்கம்பாடியிலிருந்து கிறிஸ்தவ மறைபரப்பாளர் சீகன்பால்க் எழுதிய கடிதங்கள் 1709இல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளியாயின. அவர் ஜெர்மானியர், அவரை இங்கே அனுப்பியவர் டென்மார்க் மன்னர், கடிதங்களை ஆங்கிலமாக்கியவர் லண்டனில் இருந்த இன்னொரு ஜெர்மானியரான போம். ஆங்கிலத்தில் கிடைக்கிறது என்பதற்காக அதை ஓர் ஆங்கிலேயரின் பார்வையாக மேற்கோள் காட்டினால், தமிழரைப் பற்றிய அந்த வருணனை யாருடையது என்பதே மாறிவிடும்.

நாடாளுமன்றப் பேச்சுகளில் இன்னும் கவனம் தேவை. அவையில் பேசியதை அச்சிடுவது அன்று உரிமை மீறல். அதனால் 1740களின் தொடக்கத்தில் ஒரு லண்டன் மாத இதழ் அவற்றை 'லில்லிபுட்' என்ற கற்பனை நாட்டு அவை விவாதம் என்று பெயர் மாற்றி வெளியிட்டது. எழுதியவர் எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன். கையில் கிடைத்த சொற்பத் தகவல்களை வைத்துப் பேச்சுகளைப் பெரும்பாலும் அவரே ஆக்கினார். பின்னாளில் அவை உண்மைப் பேச்சுகளாகவே தொகுப்புகளில் ஏறிவிட்டன.

துண்டுப் பிரசுரம் என்றால் அதன் தொனியையும் சந்தேகியுங்கள். இங்கிலாந்தின் அரசுத் திருச்சபைக்கு வெளியே இருந்த கிறிஸ்தவர்களை ஒழித்துக்கட்டச் சொல்லி 1702இல் பெயரில்லாமல் ஒன்று வந்தது. எழுதிய டேனியல் டீஃபோவே அப்படிப்பட்ட கிறிஸ்தவர். எதிர்த் தரப்பின் வெறியைக் காட்ட அவர்கள் குரலிலேயே எழுதியிருந்தார். பலர் அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டார்கள். 1703இல் அவரை மூன்று நாள் பொது இடத்தில் தண்டனைக் கட்டையில் நிறுத்தினார்கள்.

அப்புறம் தேதி. 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு தொடங்கியது மார்ச் 25இல். '1720 பிப்ரவரி 10' என்று ஒரு கடிதம் இருந்தால் அது நம் கணக்கில் பெரும்பாலும் 1721. ஸ்காட்லாந்து 1600இலேயே ஜனவரி 1க்கு மாறிவிட்டது, எனவே எழுதிய இடத்தையும் பார்க்க வேண்டும். நாட்காட்டியை மாற்றியதால் பிரிட்டனில் 1752 செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. நடுவில் உள்ள நாட்களில் எந்தச் சம்பவத்தையும் தேடாதீர்கள்.

கடைசியாக எழுத்து. அன்றைய நீள 'எஸ்' பார்வைக்கு 'எஃப்' போலவே இருக்கும். ஸ்கேன் செய்த நூல்களில் கணினியும் இதில் ஏமாறும். ஆன்மாவைக் குறிக்கும் 'சோல்' (soul) அழுக்கைக் குறிக்கும் 'ஃபவுல்' (foul) ஆகிவிடும். சமய நூல்களில் 'எஸ்'இல் தொடங்கும் ஒரு சொல் கிடைக்கவில்லை என்றால், முதலெழுத்தை 'எஃப்' ஆக்கி இன்னொரு முறை தேடிப் பாருங்கள்.