கால் வெட்டி இழுக்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்

முதுகெலும்பில் வந்த டிபி தண்டுவடத்தை அழுத்தியதில் எனக்கு மேல்வயிற்றுக்குக் கீழே உணர்வும் பலமும் பெரும்பாலும் போய்விட்டன. டிபி மருந்தை முழுசாகச் சாப்பிட்டு முடித்தேன், கிருமி போய்விட்டது. ஆனால் தண்டுவடத்தில் ஏற்பட்ட சேதம் அப்படியே இருக்கிறது. அதனால் இரண்டு தொல்லைகள்: கால்கள் தானாக வெட்டி இழுப்பது, தொட்டால் தெரியாத கால்களில் எரிச்சல் எடுப்பது. வீல்சேரில் உட்கார்ந்து ரவிக்கை தைத்துக்கொண்டே இந்த இரண்டையும் சமாளிக்கிறேன். விபத்தில் அடிபட்டவர்களுக்கும், தண்டுவடத்தில் கட்டி அல்லது அழற்சி வந்தவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

வழக்கத்தைவிட இழுப்பு அதிகமானால் உடனே மாத்திரையைக் கூட்டாதீர்கள். உணர்வில்லாத இடத்தில் ஏதோ தொந்தரவு இருந்தால் உடம்பு அதை இழுப்பாகத்தான் காட்டும். நமக்கு வலி தெரியாது, கால் உதறுவது மட்டும் தெரியும்.

நான் முதலில் பார்ப்பது சிறுநீர். சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா? நான் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கத்தீட்டர் போட்டுச் சிறுநீர் எடுக்கிறேன். தீபாவளித் தையல் நேரத்தில் அது தள்ளிப்போனால் கால்கள் உடனே காட்டிக்கொடுத்துவிடும். நிரந்தரக் கத்தீட்டர் வைத்திருப்பவர்கள் ட்யூப் மடங்கியிருக்கிறதா, தொடைக்கு அடியில் மாட்டியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீர் கலங்கி, வழக்கமில்லாத நாற்றத்தோடு வந்து, காய்ச்சலோ குளிரோ சேர்ந்தால் இன்ஃபெக்ஷனாக இருக்கலாம். டெஸ்ட் கொடுத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். மெடிக்கலில் நாமாக ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

அடுத்தது மோஷன். இரண்டு மூன்று நாள் கட்டியிருந்தால் வயிறு மட்டுமல்ல, தொடையும் இறுகும். அப்புறம் தோல். கைக்கண்ணாடி வைத்து உட்காரும் இடம், குதிகால், இடுப்பின் பக்க எலும்பு மூன்றையும் பாருங்கள். சிவந்த இடம் அழுத்தினால் வெளுக்காமல் இருந்தால் புண் ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். அந்தப் பக்கம் உடம்பின் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலில் ஆழமாக வளர்ந்த நகம், இறுக்கமான பாவாடை நாடா, செருப்புக்குள் சிறு கல், பேன்ட் பாக்கெட்டில் சாவி, சாக்ஸின் மடிப்பு என்று எதுவாகவும் இருக்கலாம். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் மார்கழிக் குளிரிலும் எனக்கு இழுப்பு கூடும். காரணம் தெரிந்தால் பயம் பாதி போய்விடும்.

கழுத்திலோ மார்பின் மேல்பகுதியிலோ, அதாவது ஆறாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர்கள் இதை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று மண்டை பிளக்கிற தலைவலி, முகம் சிவப்பு, பாதிப்புக்கு மேலே வியர்வை, மயிர்க்கூச்சு எல்லாம் சேர்ந்து வந்தால் இரத்த அழுத்தம் வேகமாக ஏறுகிறது. இவர்களுக்குச் சாதாரண நேரத்தில் மேல் அழுத்தம் நூறை ஒட்டியே இருக்கும். அதனால் 140 என்று காட்டினாலே அது ஆபத்து. மற்றவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. உடனே நிமிர்த்தி உட்காரவையுங்கள், கால்களைக் கீழே தொங்கவிடுங்கள், உடையைத் தளர்த்துங்கள், சிறுநீரை வெளியேற்றுங்கள். அப்படியும் இறங்காவிட்டால் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இழுப்பு வந்துகொண்டிருக்கும்போது காலைப் பலமாக அமுக்கிப் பிடிப்பது பலர் வீட்டிலும் நடக்கிறது. அப்படி எதிர்த்தால் அது இன்னும் கூடும். கால் விறைத்து நீட்டிக்கொண்டால் முழங்காலுக்கு அடியில் ஒரு கை, குதிகாலில் ஒரு கை வைத்து மெதுவாக மடக்கிப் பிடித்துக் காத்திருங்கள். ஃபுட்ரெஸ்ட்டில் பாதம் தடதடவென்று ஆடினால், முழங்காலின் மேல் உள்ளங்கையை வைத்துக் குதிகால் அதில் நன்றாகப் படும்படி சீராக அழுத்துங்கள், நின்றுவிடும். கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறும் நடுவில் இழுப்பு வந்தால் விழுவோம். அதனால் மாறுவதற்கு முன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முன்னால் குனிந்து கால்களை அடங்க விடுகிறேன்.

தினசரி நீட்டல் பயிற்சி எனக்கு மாத்திரை அளவுக்கு முக்கியம். காலை எழுந்ததும் இதைச் செய்தால் எனக்குப் பகல் முழுவதும் தையல் ஓடும். காலை நீட்டி உட்கார்ந்து, துண்டை முன்பாதத்தில் மாட்டி மெல்ல என் பக்கம் இழுத்துப் பிடிப்பேன். முழங்கால் மடங்கக் கூடாது. முப்பது விநாடியிலிருந்து ஒரு நிமிடம் வரை ஆட்டாமல் பிடித்து, அப்புறம் தளர்த்துவேன். இரண்டு பாதங்களையும் ஒட்டவைத்து முழங்கால்களை வெளிப்பக்கம் விரியவிட்டுப் படுப்பது தொடையின் உள்பக்கத்துக்கு. குப்புறப் படுப்பது இடுப்பின் முன்பக்கத்துக்கு. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். சில நிமிடங்களில் தொடங்கி அரை மணி நேரம் வரை போகலாம், எழுந்ததும் முழங்காலிலும் கால்விரல்களிலும் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நிற்கும் ஃப்ரேம் கிடைத்தால் பிசியோவிடம் கேட்டு நின்று பழகுங்கள். எதையும் வெடுக்கென்று செய்ய வேண்டாம். பாரம் தாங்காத கால் எலும்புகள் நாளாக ஆக மெலிந்துவிடும், முரட்டுத்தனமாக மடக்கினால் உடைந்தே போகும். ஊரில் உருவி விடுகிறேன் என்று வருபவர்களிடம் கால்களைக் கொடுக்காதீர்கள்.

வெந்நீர் ஒத்தடம், தவிட்டு ஒத்தடம் பற்றியும் சொல்ல வேண்டும். அன்பாகத்தான் சொல்கிறார்கள். உணர்வில்லாத தோலில் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகே தெரியும். உணர்வுள்ள தோளுக்கும் கைக்கும் மட்டும் ஒத்தடம் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கு வருவோம். விறைப்புக்கு முதலில் கொடுப்பது பெரும்பாலும் பேக்லோஃபென். 5 மில்லிகிராமில் தொடங்கி டாக்டர் மெல்ல ஏற்றுவார். அதன் வேலை சில மணி நேரத்தில் குறைந்துவிடும் என்பதால்தான் மூன்று வேளை. இதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் இழுப்பு பலமடங்காகத் திரும்பும், காய்ச்சல், பிரமை, வலிப்பு வரைக்கும் போகலாம். ஒரு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். வேறு எதற்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் இதைச் சாப்பிடுவதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். விறைப்புக்கான இன்னொரு மருந்தான டைசானிடின் சாப்பிடுபவர்கள் கல்லீரல் டெஸ்ட் எடுக்க வேண்டும், அது பிரஷரையும் இறக்கும். ஒரே தசை மட்டும் தொல்லை கொடுத்தால் அந்தத் தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போடுவார்கள், ஏறக்குறைய மூன்று மாதம் தாங்கும். எதற்கும் அடங்காதவர்களுக்குத் தண்டுவடத் திரவத்துக்குள் நேரடியாக பேக்லோஃபென் செலுத்தும் பம்ப் இருக்கிறது.

விறைப்பு முழுவதும் போக வேண்டும் என்று கேட்காதீர்கள். அந்த விறைப்பை வைத்துத்தான் நான் வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கிறேன். மாத்திரை அதிகமானால் கால் துவண்டு அதுவும் போய்விடும். “தூக்கம் கெடக் கூடாது, ஆனால் எழுந்து நிற்க வேண்டும்” என்று டாக்டரிடம் சொன்னேன். அதற்கேற்றபடி ராத்திரி வேளையை மட்டும் கூட்டிக் கொடுத்தார்.

நரம்பு வலி வேறு விஷயம். பாராசிட்டமால் அதற்குப் பெரிதாகக் கேட்காது. எரிகிறது, சுளீரென்று ஷாக் அடிக்கிறது, மேல்வயிற்றைச் சுற்றி பெல்ட் போட்டு இறுக்குகிறது என்று எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்லுங்கள். வெறும் ‘வலி’ என்றால் வெறும் வலி மாத்திரைதான் வரும். வீல்சேர் தள்ளி வரும் தோள்வலி தசைவலி, அதைத் தனியாகச் சொல்லுங்கள். நரம்பு வலிக்குக் கொடுப்பவை ப்ரீகேபலின், கேபாபென்டின், அமிட்ரிப்டிலின், டுலோக்செடின். முதல் நாளே குறையாது, சில வாரம் பொறுக்க வேண்டும். முதல் இரண்டும் மயக்கத்தையும் கால் வீக்கத்தையும் தரலாம், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். அமிட்ரிப்டிலின் சிறுநீரையும் மோஷனையும் கட்டக்கூடியது. அதனால் இழுப்பும் கூடலாம், கவனமாக இருங்கள். இவற்றோடு மது கூடவே கூடாது.

ராத்திரியில் எரிச்சல் அதிகமாகத் தெரியும். கவனத்துக்கு வேறு வேலை இல்லாத நேரம் அது. நான் ரேடியோவைத் தணிவாக வைத்துக் கொக்கி தைப்பேன். தூக்கமில்லாமல் மனசு உடைந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் இந்த நோயின் பகுதிதான்.

பார்க்க வேண்டியவர் புனர்வாழ்வு மருத்துவர், பிஎம்ஆர் டாக்டர் என்று கேளுங்கள். வேலூர் சிஎம்சியில் அந்தத் துறையை வளர்த்த மேரி வர்கீஸ், 1954-ல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு வீல்சேரிலிருந்தே அறுவை சிகிச்சை செய்தவர். சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கிறது. போகும்போது ஒரு நோட்டில் இழுப்பு வந்த நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, தூக்கம், மாத்திரை நேரம் எல்லாம் எழுதிக்கொண்டு போங்கள். பழைய எம்ஆர்ஐ படங்களும் கையில் இருக்கட்டும். இவ்வளவு நாள் நிலையாக இருந்த உணர்வு மட்டம், அதாவது உடம்பில் உணர்வு நிற்கும் இடம், மேலே ஏறினாலோ, கைகளில் புதிதாக மரப்போ பலவீனமோ வந்தாலோ நோட்டு எழுதி முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். தண்டுவடத்துக்குள் நீர்க்கட்டி உண்டாகியிருக்கலாம், உடனே புது எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டும்.