லினக்ஸில் வைஃபை வரவில்லையா? முதலில் அட்டையின் பெயரைப் பாருங்கள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வாங்கிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப், இல்லையென்றால் அக்கா பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசின் விலையில்லா மடிக்கணினி. விண்டோஸ் நகரவே மாட்டேன் என்கிறது என்று, அதற்குப் பதில் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டாயிற்று. படம் ஓடுகிறது, பாட்டு கேட்கிறது, வைஃபை மட்டும் இல்லை. உடனே பலரும் வேறொரு லினக்ஸை இறக்கி மறுபடி நிறுவுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் வைஃபை அட்டை எது என்று தெரியாமல் எதை மாற்றினாலும் இருட்டில் கல் எறிகிற கதைதான்.

இங்கே சொல்வது லினக்ஸ் மின்ட், உபுண்டு இரண்டுக்கும் பொருந்தும். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல், அதாவது கட்டளை அடிக்கும் சாளரம், திறக்கும்.

1. போனிலிருந்து இணையம்

டிரைவர் (அட்டையை இயக்கும் மென்பொருள்) இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். இந்தச் சிக்கலை ஆண்ட்ராய்டு போனும் ஒரு கேபிளும் தீர்த்துவிடும். போனை லேப்டாப்பில் சொருகி, செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். சில நொடிகளில் லேப்டாப்பில் வயர் இணைப்பு வந்துவிடும்.

அந்த பட்டன் மங்கலாகவே இருந்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் உண்டு, அவற்றில் டேட்டா போகாது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: போன் வீட்டு வைஃபையில் இருந்தால், பெரும்பாலான போன்கள் அதே வைஃபையைக் கேபிள் வழியாக லேப்டாப்புக்குக் கடத்தும். மொபைல் டேட்டா செலவாகாது. பேச்சிப்பாறை மாதிரி மலைப்பக்கத்தில் டவர் சரியாகக் கிடைக்காத வீடுகளுக்கு இதுதான் வழி.

2. அட்டையின் பெயர்

டெர்மினலில் எல்எஸ்பிசிஐ என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடு போட்டு, அதை ஒட்டியே என்என்கே என்று அடித்து என்டர் தட்டுங்கள். நீளமாக வரும் பட்டியலில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற சொல் உள்ள பத்தியைத் தேடுங்கள். இன்டெல், ரியல்டெக், பிராட்காம், குவால்காம் அதெரோஸ், மீடியாடெக் இவற்றில் ஒன்று அங்கே இருக்கும். எண்ணோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பத்தியில் 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருக்கிறதா? இருந்தால் டிரைவர் ஏறிவிட்டது, நேராக நான்காம் படிக்குப் போங்கள். இல்லையென்றால் அடுத்த படி உங்களுக்குத்தான்.

3. டிரைவர்

இன்டெல், அதெரோஸ் அட்டைகள் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. தலைவலி பிராட்காமிலும் புதிய ரியல்டெக்கிலும்தான்.

பிராட்காம் (பிசிஎம்43142 போன்றவை) என்றால் மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறங்கள். உபுண்டுவில் அதன் பெயர் அடிஷனல் டிரைவர்ஸ். அங்கே காட்டும் பிராட்காம் டிரைவரைத் தேர்ந்து நிறுவி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்பு) ஆனில் இருந்தால் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட்டில் நீலத்திரை வந்து பத்து நொடி காத்திருக்கும். ஏதாவது ஒரு விசையைத் தட்டி, 'என்ரோல் மோக்' தேர்ந்து, அதே பாஸ்வேர்டைக் கொடுங்கள். வைரஸ் என்று பயந்தோ கவனிக்காமலோ இந்தத் திரையை விட்டுவிட்டால், டிரைவர் வட்டில் கிடக்கும், ஆனால் ஏறாது. 'நிறுவியும் வரவில்லை' என்ற புகாரைக் கேட்டால் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

ரியல்டெக்கில் கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) வயதைப் பாருங்கள். ஆர்டிஎல்8821சிஇ அட்டைக்கு கெர்னல் 5.9 முதலும், ஆர்டிஎல்8852பிஇ அட்டைக்கு 6.2 முதலும் டிரைவர் உள்ளேயே வருகிறது. மின்ட் 21 வெளிவந்தபோது அதில் இருந்தது 5.15, மின்ட் 22இல் 6.8. ஆகவே 8852பிஇ உள்ள லேப்டாப்பில் பழைய மின்ட் 21 போட்டால் வைஃபை வராதது உங்கள் தப்பல்ல. மின்டில் அப்டேட் மேனேஜர், வியூ, லினக்ஸ் கெர்னல்ஸ் என்று போய் புதிய கெர்னலை ஏற்றுங்கள்.

4. டிரைவர் இருந்தும் அமைதி

ஆர்எஃப்கில் என்று மட்டும் அடியுங்கள். 'சாஃப்ட்' என்ற இடத்தில் பிளாக்ட் என்றிருந்தால் ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை என்று அடித்தால் திறந்துவிடும். 'ஹார்டு' பிளாக்ட் என்றால் எந்தக் கட்டளைக்கும் அடங்காது. பழைய லேப்டாப்பின் பக்கவாட்டில் சின்ன சுவிட்ச் இருக்கும், அல்லது எஃப்என் விசையோடு ஆன்டெனா படம் போட்ட விசையைத் தட்ட வேண்டும்.

விண்டோஸும் கூடவே இருந்தால், அதன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது விண்டோஸை முழுதாக மூடாமல் அரைத் தூக்கத்தில் விட்டுவிடுவதால், சில அட்டைகள் லினக்ஸுக்குள் எழுவதில்லை.

5. போனில் தெரிகிறது, லேப்டாப்பில் இல்லை

ஃபைபர் பெட்டிகள் (ரவுட்டர்கள்) பலவும் இரண்டு பெயர்களில் வைஃபை விடும், ஒன்றின் வாலில் 5ஜி என்றிருக்கும். அது மொபைல் 5ஜி அல்ல, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. பழைய அட்டைகள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். தெரிந்தாலும், தக்கலைப் பக்கத்துப் பழைய வீடுகளின் கனத்த சுவர்களுக்குள் 2.4தான் தாக்குப்பிடிக்கும்.

நேற்றுவரை தெரிந்த பெயர் இன்று காணாமல் போனால் சேனலை, அதாவது அலைவரிசைக்குள் ரவுட்டர் பயன்படுத்தும் எண்ணிட்ட தடத்தை, பாருங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, கரண்ட் போவதும் வருவதும் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு முறையும் ரவுட்டர் எழுந்து, ஆட்டோவில் இருந்தால், புதிதாகச் சேனல் தேர்கிறது. இந்தியாவில் 2.4இல் 1 முதல் 13 வரை அனுமதி. அமெரிக்க விதிப்படி செய்த சில பழைய அட்டைகள் 11க்கு மேல் பார்ப்பதில்லை. பிரவுசரில் திறக்கும் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் (முகவரி பெரும்பாலும் 192.168.1.1) ஆட்டோவை எடுத்துவிட்டு 1, 6, 11 இவற்றில் ஒன்றை நிலையாக வையுங்கள்.

6. இணைந்து இணைந்து அறுந்தால்

இது மின்சேமிப்பின் வேலையாக இருக்கலாம். சூடோ, நானோ இரண்டையும் இடைவெளி விட்டு அடித்து, மறுபடி இடைவெளி விட்டு, இனி வரும் பெயர்களை ஒவ்வொன்றின் முன்னும் சாய்கோடு (/) போட்டு ஒட்டி அடியுங்கள்: இடிசி அடைவில் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் கான்ஃப்.டி, அதற்குள் டிஃபால்ட்-வைஃபை-பவர்சேவ்-ஆன்.கான்ஃப் கோப்பைத் திறங்கள். நெட்வொர்க், மேனேஜர் இரண்டின் முதலெழுத்தும் பெரிய எழுத்து, நடுவே இடைவெளி இல்லை. பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது, அடித்துவிட்டு என்டர் தட்டுங்கள். 'வைஃபை.பவர்சேவ்' எதிரே உள்ள 3ஐ 2 ஆக்கி, கன்ட்ரோல் ஓ, என்டர், கன்ட்ரோல் எக்ஸ். பிறகு ரீஸ்டார்ட். பேட்டரி சற்று முன்னதாகக் குறையும்.