முதல் காப்ளின் சண்டையை நடத்துவது எப்படி?

ஞாயிறு மாலைகளில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில், அக்காள் மகனுக்கும் அவன் கூட்டாளிகள் மூவருக்கும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டம் நடத்துகிறேன். வீரர்களாக வேடமேற்று, பகடை உருட்டிக் கதைக்குள் ஆடும் ஆட்டம் இது; 1974இல் பிறந்தது. காப்ளின் அதில் வீரர்களைத் தாக்கும் குட்டி அரக்கன்; அதை நடத்துபவர் ஆட்டம் நடத்தும் நான். கீழே வரும் கணக்குகள் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி.

முதலில் களம். சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசையே போதும். கட்டத்துக்கு ஐந்து அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்ளின் ஒரு முறைக்கு 30 அடி, அதாவது ஆறு கட்டம் ஓடும். நாங்கள் வேர்க்கடலையைத்தான் காப்ளினாக வைப்போம். வீழ்த்தியவருக்கே கடலை!

அடுத்தது எண்ணிக்கை. இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். முதல் நிலை வீரர்கள் நால்வர் இருந்தால், நான்கு காப்ளின்கள் என்பது விதிநூலின் கணக்கிலேயே உயிருக்கு ஆபத்தான சண்டை. ஒரு காப்ளினுக்கு உயிர்ப்புள்ளி (தாங்கக்கூடிய அடியின் அளவு) ஏழுதான்; ஆனால் அது எய்யும் ஓர் அம்பு சராசரியாக ஐந்து புள்ளிக்கு மேல் பறிக்கும். மந்திரவாதிக்கு இரண்டு அம்பே அதிகம். ஆகவே இரண்டில் தொடங்குங்கள்.

இனி, காப்ளினின் உயிர்நாடி: நழுவும் திறன். தாக்கிய பிறகும், அதே முறையில் துணைச் செயலாக ஒளிந்துகொள்ளலாம், அல்லது அடி வாங்காமல் விலகி ஓடலாம். ஒரு முறையை இப்படி நடத்துங்கள்: மரத்தின் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறது, அம்பு எய்கிறது, மீண்டும் மரத்துக்குப் பின்னால் போய் ஒளிகிறது. அது சரியாக ஒளிந்ததா என்று பார்க்க, இருபது முகப் பகடையை உருட்டி ஆறு கூட்டுங்கள். வீரர்களின் இயல்பான கவனிப்பு எண் அதைவிடக் குறைவு என்றால், அது எங்கே என்று யாருக்கும் தெரியாது. அடுத்த அம்புக்குப் பகடையை இரண்டு தடவை உருட்டிப் பெரிய எண்ணை எடுக்கலாம். நேருக்கு நேர் நின்று வெட்டுப்படும் காப்ளினை நான் ஒருபோதும் நடத்த மாட்டேன். அது அந்த உயிருக்குச் செய்யும் அநியாயம்.

ஒன்று விழுந்ததும் மற்றொன்று ஓடட்டும். துரத்திப் பிடித்தால் கெஞ்சட்டும், பேரம் பேசட்டும். போன வாரம் அப்படிப் பிடிபட்ட ஒன்றைப் பிள்ளைகள் கொல்லவில்லை. அந்தக் கடலையை யாரும் தின்னவுமில்லை. என் பகடைப் பையில் பத்திரமாக இருக்கிறது.