பழைய ரெட்டைக்குழல் துப்பாக்கிக்கு கம்பெனி சர்வீஸ், வாரண்டி, ரீப்ளேஸ்மென்ட் கேக்குறது எப்படி?

பேரையூர் பக்கம் எங்க பெரியப்பா தோட்டத்துல ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி இருக்கு, 12 போர் (போர்னா குழல் வாய் அளவு), காட்டுப்பன்னிய விரட்ட வேட்டு போடுறதுக்குன்னு வாங்கினது. வலது குழல் மட்டும் மக்கர் பண்ண ஆரம்பிச்சுச்சு. லைசென்ஸ் அவரு பேர்ல, அதனால துப்பாக்கிய தொட்டது தூக்குனது எல்லாம் அவரு, பேப்பர் வேலை, போன், மெயில் எல்லாம் நானு. அதுல தெரிஞ்சுக்கிட்டத வரிசையா எழுதுறேன். லைசென்ஸ் எப்படி வாங்குறது, ரினிவல் எப்படின்னு இதுல கேக்காதீங்க, அது தனிக்கதை.

1. முதல்ல அது யாரு கம்பெனின்னு பாருங்க

குழல்ல அடிச்சிருக்குற பேரை வச்சு அந்தக் கம்பெனி இன்னும் இருக்குன்னு நம்பிராதீங்க. ஐஓஎஃப் (இந்தியன் ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி, அரசு ஆயுத ஃபேக்டரிங்க) முத்திரை உள்ள துப்பாக்கின்னா, அந்த ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி போர்டையே 2021 அக்டோபர் 1ல கலைச்சு ஏழு அரசு கம்பெனியா பிரிச்சுட்டாங்க. துப்பாக்கி தயாரிக்கிற ஃபேக்டரிங்க எல்லாம் கான்பூர்ல தலைமை ஆபீஸ் வச்சிருக்குற அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மென்ட் இந்தியா லிமிடெட் கீழ போயிருச்சு, நம்ம திருச்சி ஃபேக்டரியும் அதுலதான் வருது. கையில இருக்குற பழைய புக்லெட்ல போட்ட அட்ரஸுக்கு லெட்டர் போட்டுட்டு உக்காந்திருக்காம, இப்ப உள்ள கம்பெனி சைட்டுல அட்ரஸ் எடுங்க.

வெளிநாட்டு துப்பாக்கின்னா இன்னும் சிக்கல். தாத்தா காலத்துல இங்கிலாந்து பர்மிங்ஹாம்ல செஞ்ச துப்பாக்கி நம்ம பக்கம் ஜமீன் வீடுகள்ல இன்னும் கிடக்கு. அந்த ஊரு வெப்ளி அண்ட் ஸ்காட் பழைய கம்பெனி 1979லயே துப்பாக்கி செய்யறத நிறுத்திருச்சு, இப்ப அந்தப் பேர்ல வர்றது வேற ஆளுங்க. அமெரிக்காவுல ரெமிங்டன் 2018லயும் 2020லயும் திவாலாகி, துண்டு துண்டா வித்துட்டாங்க. துப்பாக்கி பிரிவை வாங்கின புது கம்பெனி, திவாலுக்கு முந்தி செஞ்ச துப்பாக்கிக்கு வாரண்டி நாங்க பாக்க மாட்டோம்னு சொல்லிருச்சு. 'லைஃப்டைம் வாரண்டி'ன்னு அட்டைல போட்டிருந்தாலும் யாரோட லைஃப்டைம்னு பாத்துக்கங்க.

2. நம்பர். இங்கதான் எல்லாரும் மாட்டுறாங்க

கம்பெனி முதல்ல கேக்குறது துப்பாக்கி நம்பரும் லைசென்ஸ் காப்பியும். ரெண்டுலயும் ஒரே நம்பர் இருக்கணும். கேக்க சாதாரணமா இருக்கும்.

ரெட்டைக்குழல்ல நம்பர் பெரும்பாலும் விசைக்கு கீழ இருக்குற காப்பு வளையத்தோட வால் பக்கமும், குழலோட அடிப்பக்க தட்டைலயும், முன்கட்டை (குழலுக்கு அடில கை பிடிக்கிற மரக்கட்டை) இரும்புலயும் இருக்கும். முதல்ல துப்பாக்கிய மடக்கித் திறந்து ரெண்டு குழல்லயும் தோட்டா இல்லைன்னு கண்ணால பாத்து, விரலால தடவியும் பாத்துட்டு, முன்கட்டைய கழட்டி குழலை தனியா எடுத்தாத்தான் அடி நம்பர் தெரியும். மூணு எடத்துலயும் ஒரே நம்பரான்னு பாருங்க, எந்தக் காலத்துலயோ யாராச்சும் குழலை மாத்தியிருந்தா இங்க தெரிஞ்சுரும்.

எங்க கேஸ்ல துரு ஏறி கடைசி எழுத்து 3ஆ 8ஆன்னு தெரியல. லைசென்ஸ் புக்குல 8ன்னு கையால எழுதியிருக்கு. பக்கத்து ஊரு மாமா ஒருத்தரு "எமரி பேப்பர் வச்சு ஒரு தேய் தேய்ங்க மாப்ள, பளிச்சுனு தெரியும்"னாரு. தெரியாமக்கூட செய்யாதீங்க அத! ஆயுதச் சட்டம் 1959, 8வது பிரிவுப்படி துப்பாக்கி நம்பரை அழிக்கிறது, மாத்துறது குத்தம், நம்பர் அழிஞ்ச துப்பாக்கி கையில இருந்தா, இல்லைன்னு நிரூபிக்கிற வரைக்கும் நீங்கதான் அழிச்சீங்கன்னு சட்டம் எடுத்துக்கும். எமரி பேப்பர் துருவை மட்டும் எடுக்காது, ஏற்கனவே தேஞ்ச எழுத்தையும் சேத்து எடுத்துரும்.

செய்ய வேண்டியது இதுதான்: தையல் மெஷின் ஆயில் ரெண்டு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்க, காலைல பருத்தித் துணியால தொடச்சு எடுங்க, பழைய டூத் பிரஷ்ஷால பைய தேய்ங்க, கம்பி பிரஷ் வேணாம். நல்லா காஞ்சதும் சாக்பீஸ் பொடிய அந்தப் பள்ளத்துல தடவி மேலாப்புல தொடச்சுருங்க. லைட்டை எல்லாம் அணைச்சுட்டு டார்ச்ச நேரா அடிக்காம பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சு போட்டோ எடுங்க. பள்ளத்துல நிழல் விழுந்து எழுத்து எந்திரிச்சு நிக்கும். விபூதியிலயும் ட்ரை பண்ணினோம், சாக்பீஸ்தான் பெஸ்ட். டபிள்யூடி-40 ஸ்பிரே பத்தி நெறைய பேரு புகழுவாங்க, எனக்கு பிடிக்காது, துருவை எளக்க சரி, ஆனா அத எண்ணெய்னு நினைச்சு உள்ள அடிச்சு விட்டா கொஞ்ச நாள்ல பிசுபிசுன்னு ஆயிரும்.

எங்களுக்கு வந்தது 3. அப்ப தப்பு புக்குலதான். இந்த நிலைமைல கம்பெனிக்கு எழுதாதீங்க. முதல்ல லைசென்ஸ்ல திருத்தம் கேட்டு மனு கொடுங்க, பழைய பில், பழைய ரினிவல் பக்கம், இந்த போட்டோ எல்லாம் வச்சு. கிராமம்னா கலெக்டர் ஆபீஸ், மதுரை சிட்டி எல்லைக்குள்ளன்னா போலீஸ் கமிஷனர். கலெக்டர் ஆபீஸுக்கு திங்கக்கிழமை மட்டும் போகாதீங்க, குறைதீர் நாள் கூட்டத்துல எந்த செக்‌ஷன்லயும் ஆளைப் பிடிக்க முடியாது. புக்குல திருத்துறப்பவே ஆன்லைன்ல யுஐஎன் (லைசென்ஸ்காரருக்குன்னு கொடுக்குற தனி அடையாள நம்பர்) பதிவுலயும் திருத்த சொல்லுங்க, ரெண்டும் வேற வேறயா இருந்தா அடுத்த ரினிவல்ல திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

3. கம்பெனிக்கு எழுதுறது

"துப்பாக்கி சரியா வேலை செய்யல"ன்னு எழுதினா பதில் வராது, வந்தாலும் உபயோகம் இருக்காது. என்ன நடக்குதுன்னு எழுதுங்க: வலது குழல், சில நேரம் வெடிக்கல, வெடிக்காத தோட்டாவோட பின்பக்க கேப்ல பின் (தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கிற ஊசி) குத்துன குறி லேசாத்தான் இருக்கு, இடது குழல்ல ஆழமா இருக்கு. இந்த ஒரு வரிலயே பின்னோ ஸ்பிரிங்கோ தேஞ்சிருக்குன்னு அவனுக்குப் புரிஞ்சுரும். (தோட்டா வெடிக்கலைன்னா உடனே திறக்காதீங்கப்பா, ஆளில்லாத பக்கம் பாத்து அரை நிமிஷமாவது பிடிச்சிருங்க, லேட்டா வெடிக்கிறது உண்டு.) குழல் ஆடுதுன்னா, முன்கட்டைய கழட்டிட்டு மூடின நிலைல ஆட்டிப் பாத்து, எந்தப் பக்கம் ஆடுதுன்னு எழுதுங்க.

மெயிலும் போடுங்க, அதே லெட்டரை ஸ்பீட் போஸ்ட்லயும் போடுங்க. ரிஜிஸ்டர் போஸ்ட்டை 2025ல ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க, அதனால போஸ்ட் ஆபீஸ்ல அதைக் கேட்டு சண்டை போடாதீங்க. அரசு கம்பெனின்னா பதில் வராட்டி ஆர்டிஐ இருக்கு, 10 ரூபா, 30 நாள்ல பதில் சொல்லியாகணும். எனக்கு கஸ்டமர் கேர் நம்பரை விட இதுமேலதான் நம்பிக்கை. பில்லோட இருக்குற புதுசு மாதிரி துப்பாக்கின்னா 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன். கோர்ட்டுக்குப் போறதுன்னா பிரச்சனை வந்து 2 வருஷத்துக்குள்ள.

4. ரிப்பேரா, மாத்திக் கொடுக்கறதா?

மாத்திக் கொடுத்தா லாபம்னு தோணும். மிக்ஸி மாத்துற மாதிரி இல்லைங்க இது. புது துப்பாக்கிக்கு புது நம்பர், உங்க லைசென்ஸ்ல இருக்குறது பழைய நம்பர். அதிகாரிகிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கி, பழசை நீக்கி புதுசை ஏத்துற வரைக்கும் அந்தப் புது துப்பாக்கி உங்க கைக்கு வரக்கூடாது. வெளிநாட்டு கம்பெனி பெருந்தன்மையா "அனுப்புறோம்"னாலும் அது நடக்காது, அதே ஆயுதச் சட்டம் 10வது பிரிவுப்படி இம்போர்ட்டுக்குத் தனி லைசென்ஸ் வேணும், உதிரி பாகமும் சட்டப்படி ஆயுதம்தான்.

அதனால என் கருத்து: ரிப்பேர் ஆகும்னா ரிப்பேரையே கேளுங்க, நம்பர் மாறாது. எங்களுக்கும் கம்பெனி, வாரண்டி முடிஞ்சது, காசுக்கு சர்வீஸ், லைசென்ஸ் உள்ள டீலர் மூலமா கொடுங்கன்னுதான் சொன்னாங்க. பின்னும் ஸ்பிரிங்கும் மாத்துனதோட சரியாப் போச்சு.

5. அனுப்புறது

கொரியர்ல போடாதீங்க. லைசென்ஸ்காரரே ஒரிஜினல் புக்கோட, தோட்டா இல்லாம, உறைல போட்டு டீலர்கிட்ட கொண்டுபோகணும். ரசீதுல மேக், போர், நம்பர், எதுக்காகக் கொடுத்தது எல்லாம் இருக்கான்னு வாசிச்சுட்டு வாங்குங்க. லேத் பட்டறைல நம்ம பய இருக்கான், ஒரு பின் கடைஞ்சு தருவான்னு போகவே போகாதீங்க, துப்பாக்கி ரிப்பேர் பண்றதுக்கும் 5வது பிரிவுல லைசென்ஸ் கேக்குது.

எலெக்‌ஷன் நெருங்குதுன்னா முன்னாடியே கொடுத்து வாங்கிருங்க, ஒப்படைக்கச் சொல்லி ஆர்டர் வந்துருச்சுன்னா எல்லாம் நின்னுரும்.

அப்டேட்: கமெண்ட்ல ஒரு அண்ணன், அப்பா காலமாகிட்டாரு, துப்பாக்கி வீட்ல இருக்கு, கம்பெனிக்கு எழுதலாமான்னு கேட்டிருந்தாரு. இல்லண்ணே, முதல்ல ஸ்டேஷன்லயோ டீலர்கிட்டயோ ஒப்படைச்சு ரசீது வாங்குங்க, வாரிசு முறைல லைசென்ஸுக்கு அப்ளை பண்ணுங்க, சர்வீஸ் அப்புறம். ஒப்படைக்கறதுக்கு முந்தி குழலுக்குள்ள எண்ணெய் போட்டு விடுங்க, மாசக்கணக்குல கிடந்தா துரு பிடிச்சுரும்.

இன்னொரு அப்டேட்: பர்மிங்ஹாம் துப்பாக்கி வச்சிருக்குற ஒருத்தர், ரிப்பேர் ஆனதும் கடைல கிடைக்கிற தோட்டா போடலாமான்னு கேக்குறாரு. பழைய துப்பாக்கி நெறையவற்றுல தோட்டா உக்காருற அறை 65 மில்லிமீட்டர்தான், 70 மில்லிமீட்டர் தோட்டா உள்ள போயிரும், மூடவும் செய்யும், ஆனா வெடிக்கிறப்ப அழுத்தம் எகிறும். குழலோட அடில அறை நீளம் அடிச்சிருக்கான்னு பாருங்க, இல்லாட்டி டீலரை அளக்கச் சொல்லுங்க. குழல் மேல முறுக்குக் கம்பி மாதிரி வரிவரியா டிசைன் ஓடுச்சுன்னா அது டமாஸ்கஸ் குழல், அதுல எந்தத் தோட்டாவும் போடாதீங்க.