நீர்மூழ்கி மாடல் புரளாமல் இருக்க ஈயத்தை எங்கே வைப்பது?

டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் மச்சான் வீட்டு நீச்சல்குளத்தில்தான் என் முதல் ரிமோட் நீர்மூழ்கியை இறக்கினேன். அழகாக முங்கியது. மேலே வரச் சொன்னேன்; பாதி வழியில் புரண்டு, செத்த மீன் மாதிரி வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. எடை சரியாகத்தான் இருந்தது. எடையை வைத்த உயரம்தான் தப்பு.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும், கனம் அடியில் இருப்பதால். நீர்மூழ்கிக்கும் கனம் அடியில்தான் வேண்டும். படகின் எடை ஒரு புள்ளியில் கீழே இழுக்கிறது; தண்ணீர் இன்னொரு புள்ளியில் மேலே தூக்குகிறது. முங்கிய படகில் எடைப்புள்ளி தூக்கும் புள்ளிக்குக் கீழே இருந்தே ஆகவேண்டும். இடைவெளி கூடக்கூடப் படகு பிடிவாதமாக நிமிரும்.

இங்கே சொல்வது வெளிக்கூட்டுக்குள் தண்ணீர் நிறையும் வகைப் படகுக்கு. உள்ளே நீர்புகாத உருளை ஒன்று. அதில் மோட்டார், பேட்டரி, நடுவில் தண்ணீர் டேங்க் (நிரப்பினால் படகு முங்கும், காலி செய்தால் மேலே வரும்).

வேண்டியவை: தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுகள் (புளூ லகூன் பக்கம் மீன் பிடிக்கப் போகிறவர்கள் வீட்டில் டப்பா டப்பாவாகக் கிடக்கும்), தண்ணீர் குடிக்காத கெட்டி ஃபோம், ரப்பர் பேண்டு, சமையலறைத் தராசு. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் வேண்டாம். அது நீரை உறிஞ்சி உங்கள் கணக்கையெல்லாம் கெடுக்கும்.

முதல் படி: பேட்டரியை உருளையின் அடியில் படுக்க வையுங்கள். டேங்க் படகின் நீளத்துக்கு நடுவில், எடைப்புள்ளிக்கு நேராக இருக்கட்டும். முன்னால் தள்ளியிருந்தால் நிரம்பும்போதெல்லாம் மூக்கு குத்தும்.

இரண்டாம் படி: குளத்தின் பம்பை நிறுத்துங்கள், குளத்தின் தரையில் ஊர்ந்து சுத்தம் செய்யும் கிரீப்பி கிராலியையும் வெளியே எடுத்துவிடுங்கள். அதன் குழாயில் சிக்கிய படகை மீட்க நான் உடுப்போடு குதித்திருக்கிறேன். டேங்கை முழுக்க நிரப்பிப் படகை இறக்குங்கள். முன்னும் பின்னும் சாய்த்துக் கூட்டுக்குள் ஒளிந்திருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். இதைச் செய்யாமல் போட்ட கணக்கு எதுவும் நிற்காது.

பெரும்பாலானோர் முதலில் மிதக்கும் நிலையைச் சரிசெய்வார்கள். நான் முங்கிய நிலையில்தான் தொடங்குவேன். ஃபோமைக் கூட்டுக்குள் மேல்பக்கம் வைத்து, ஈயத்தை ரப்பர் பேண்டால் அடியில் கட்டிக்கொண்டே வாருங்கள்; மேல் கோபுரத்தின் நுனி மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் போதும், நிறுத்துங்கள். அந்தச் சிறு மிதப்பு வேண்டும். ரேடியோ அறுந்தாலும் படகு தானே மேலே வரும். ஓடும்போது பக்கவாட்டில் மீன்துடுப்பு போல இருக்கும் தகடுகளே அதைக் கீழே அழுத்தும். 100 கிராம் ஈயம் தண்ணீருக்குள் சுமார் 91 கிராம்தான் இழுக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மூன்றாம் படி: மூக்கு தாழ்ந்தால் ஈயத்தைப் பின்னால் நகர்த்துங்கள், வால் தாழ்ந்தால் முன்னால். அப்புறம் விரலால் படகைப் பக்கவாட்டில் சாய்த்து விடுங்கள். டக்கென்று நிமிர வேண்டும். யோசித்து யோசித்து நிமிர்ந்தால் ஈயம் இன்னும் கீழே, ஃபோம் இன்னும் மேலே போக வேண்டும்.

நான்காம் படியில்தான் சூட்சுமம். டேங்கைக் காலி செய்து மிதக்க விடுங்கள். படகு ரொம்பத் தாழ்ந்து மிதக்கிறதா? ஈயத்தைக் குறைக்காதீர்கள், குறைத்தால் முங்கிய கணக்கு போய்விடும். ஃபோமைப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு மேலே காற்றில் இருக்கும் ஃபோம் எதையும் தூக்காது. அதில் ஒரு துண்டை நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கினால், மிதக்கும்போது படகு உயரும். முங்கும்போது ஃபோம் எங்கிருந்தாலும் ஒரே அளவுதான் தூக்கும் என்பதால் அந்தக் கணக்கு மாறாது. ஆனால் சும்மா கிடைப்பதில்லை: ஃபோம் இறங்கினால் நிமிரும் பலம் குறையும். அதனால் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை மட்டும் இறக்குங்கள். மறுபடி சாய்த்துப் பாருங்கள்.

ஐந்தாம் படி: டேங்கைப் பாதி நிரப்பிச் சாய்த்துப் பாருங்கள். என் படகு கவிழ்ந்தது இங்கேதான். பாதி டேங்கில் தண்ணீர் ஒரு பக்கம் ஓடினால் படகும் கூடவே சாயும். பேட்டரியை நான் டேங்குக்கு மேலே வேறு வைத்திருந்தேன்! டேங்குக்குள் நீளவாக்கில் ஒரு தடுப்புத் தகடு வைத்தால் இந்த ஆட்டம் நன்றாகவே குறையும்.

கடலில் விடலாமா என்று மச்சான் கேட்டார். வேண்டாம். கடல்நீர் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. 4 கிலோ படகு அதில் முங்க இன்னும் 100 கிராம் எடை கேட்கும். அதோடு உப்புநீருக்குள் ரேடியோ எடுபடாது. நல்ல தண்ணீரிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் முங்கியதும் அறுந்துவிடும். 27 அல்லது 40 மெகாஹெர்ட்ஸ் போன்ற பழைய வகைதான் உதவும்.

எல்லாம் சரியானதும் ஈயத்தைக் கூட்டின் அடித்தட்டில் எபாக்சியால் ஒட்டுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சமையலறையில் ஈயம் உருக்கும் வேலை மட்டும் வேண்டாம். இரண்டு சிறு குண்டுகளை ஒட்டாமல் வெல்க்ரோவில் விட்டுவையுங்கள். வேறு பேட்டரி போட்டதும் மூக்கு தாழ்ந்தால் அவற்றை நகர்த்தினாலே போதும்.